பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள் மருந்துக்கடையில் கேட்கும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை நடத்துகிறேன். அரசுத் தலைமை மருத்துவமனைச் சீட்டு, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைச் சீட்டு, தனியார் டாக்டர் சீட்டு எல்லாம் ஒரே நாளில் என் மேசைக்கு வரும். சீட்டோடு கேள்வியும் வரும். மாத்திரையையும் மீதிச் சில்லறையையும் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவர் போன பிறகுதான் கேட்பார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அதனால் எழுதிவைத்தேன்.

மருந்து பற்றியவை என் தொழில் அனுபவம். பத்திரம், வங்கி விஷயங்களைக் கடைக்கு வரும் வழக்கறிஞர்களிடமும் வங்கி ஊழியர்களிடமும் கேட்டுச் சரிபார்த்திருக்கிறேன். எந்த மாத்திரையையும் இதைப் படித்துவிட்டு நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள்.

அம்மாவுக்கு 72 வயது. பெரிதாக ஒரு நோயும் இல்லை. இப்போதே ஏதாவது செய்துவைக்க வேண்டுமா?

இப்போதுதான் செய்ய வேண்டும். ஒரு தாளில் அவருடைய நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்பு செய்த அறுவை சிகிச்சைகள், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் எண், காப்பீட்டு அட்டை எண் எல்லாவற்றையும் எழுதி பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். அதையே செல்பேசியில் படம் எடுத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது யாருக்கும் எதுவும் ஞாபகம் வராது.

அடுத்தது குளியலறை. வழுக்காத தரை, பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு. வயதான காலத்தில் இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்களில் பலர் பழையபடி எழுந்து நடப்பதில்லை. கைப்பிடிக்கு ஆகும் செலவு ஒரு எக்ஸ்ரே செலவுகூட வராது.

அப்பா மூன்று டாக்டரிடம் பார்க்கிறார். மாத்திரை கை நிறைய இருக்கிறது. எல்லாம் தேவைதானா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒருவர் தன் அப்பாவின் மாத்திரைகளை மஞ்சப்பையோடு கொண்டுவந்து மேசையில் கொட்டினார். ஒரு அட்டை வெள்ளி நிறம், இன்னொன்று நீலம். பெயரும் வேறு, கம்பெனியும் வேறு. பின்பக்கம் சிறிய எழுத்தில் இருந்த மருந்து மட்டும் ஒன்றேதான்: டெல்மிசார்டான் 40. பெரியவர் காலையில் வெள்ளியையும் இரவில் நீலத்தையும் சாப்பிட்டுவந்தார். எழுந்து நின்றால் தலைசுற்றுகிறது என்று தலைசுற்றலுக்கு மூன்றாவதாக ஒரு மாத்திரையும் வாங்கியிருந்தார்.

இன்னொரு வகைச் சங்கிலியும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் கொடுப்பார்கள். சிலருக்கு அதில் கால் வீங்கும். வீக்கத்தைப் பார்த்து வேறொரு டாக்டர் நீர் பிரியும் மாத்திரை எழுதுவார். அது சோடியத்தைக் குறைக்கும். சோடியம் குறைந்தால் பெரியவர் உளறுவார், தள்ளாடுவார், விழுவார். முதல் மாத்திரையை மாற்றியிருந்தால் மற்றவை தேவைப்பட்டிருக்காது. இதை டாக்டர்களின் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் அந்தப் பையோடு ஒரே டாக்டரிடம் கொண்டுபோய், “இதில் எதை நிறுத்தலாம்?” என்று கேளுங்கள். மூட்டுவலிக்கு நீங்களாக வாங்கும் டைக்ளோஃபெனாக்கையும் பையில் போட மறக்காதீர்கள். ரத்த அழுத்த மாத்திரையோடும் நீர் மாத்திரையோடும் சேர்ந்தால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை தருகிறார்கள். அதையும் தனியார் டாக்டர் மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

மேலே சொன்ன வெள்ளி, நீலக் கதை பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வருவது நல்ல மாத்திரைதான். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு அதை மட்டும் சாப்பிடுவோர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள். ‘அரசு மாத்திரை பாதி, தனியார் மாத்திரை பாதி’ என்று ஒரு கணக்கு கிடையாது. வீட்டுக்கு வரும் பணியாளரிடம் இயன்முறைப் பயிற்சியும் படுக்கை நோயாளிக்கான வலி நிவாரண உதவியும் கிடைக்குமா என்று கேளுங்கள். அவையும் அந்தத் திட்டத்தில் உண்டு. பலர் கேட்பதே இல்லை.

நேற்றுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். இன்று காலையிலிருந்து உளறுகிறார். மறதி நோய் வந்துவிட்டதா?

மறதி நோய் ஒரே இரவில் வராது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வரும். ஒன்றிரண்டு நாளில் வந்த குழப்பத்துக்கு உடலில் வேறு காரணம் இருக்கும். சோடியம் குறைவு, சிறுநீர்த் தொற்று, சர்க்கரை இறங்கியது, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, புதிதாகக் கொடுத்த தூக்க மாத்திரை, சளிக்கு வாங்கிய மாத்திரை என்று பட்டியல் நீளம். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் தொற்று இருக்கும். சர்க்கரைக்காரர் என்றால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது இவற்றில் ஒன்று இருந்தாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். 108-ஐக் கூப்பிட்டு, சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். தண்ணீரோ காபியோ கொடுக்காதீர்கள், புரையேறும். ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

மாமியார் கேட்டதையே கேட்கிறார். நகையை நான் எடுத்துவிட்டதாக அக்கம்பக்கத்தில் சொல்கிறார். எப்படிப் பொறுத்துக்கொள்வது?

இது மெதுவாக வந்த மாற்றம் என்றால் முதலில் டாக்டரிடம் தைராய்டு, பி12 பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அவை குறைந்தாலும் மறதி வரும், அதற்கு மருந்து உண்டு. காது கேட்காமல் இருப்பதையும் மறதி என்று நினைத்துவிடுகிறோம்.

டிமென்ஷியா எனும் மறதி நோய்தான் என்று உறுதியானால், பழி சொல்வது நோயின் ஒரு பகுதி என்று வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், முக்கியமாக உங்கள் கணவர். வைத்த இடம் மறந்துபோகிறது. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று மூளை இட்டுக்கட்டிக்கொள்கிறது. எப்போதும் கூட இருப்பவர்மேல்தான் அந்தப் பழி விழும். “நான் எடுக்கவில்லை” என்று வாதாடினால் சண்டைதான் மிஞ்சும். “வாங்க அத்தை, சேர்ந்து தேடலாம்” என்று எழுந்துவிடுங்கள். அசல் நகையை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, கவரிங் ஒன்றை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அதை ஏமாற்று வேலை என்று நான் நினைக்கவில்லை.

சாயங்காலம் ஆக ஆகக் குழப்பம் கூடும். ஐந்து மணிக்கே விளக்கைப் போடுங்கள். வெளியே போய்விடும் பழக்கம் இருந்தால் சட்டைப் பையிலோ புடவைத் தலைப்பிலோ செல்பேசி எண் எழுதிய துணித்துண்டைத் தைத்துவிடுங்கள்.

அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் டிவிஎஸ் எக்ஸ்எல் சாவியைத் தரமாட்டேன் என்கிறார். ஒளித்துவைக்கலாமா?

ஒளித்துவைத்தால் மாற்றுச் சாவி செய்துகொள்வார். அந்த வண்டியில் அவர் எங்கே போகிறார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். துறைமுகத்தில் மீன், திருப்பாதிரிப்புலியூரில் கோயில், டீக்கடையில் பழைய நண்பர்கள் என்று அவருக்கு ஒரு வாழ்க்கை இருக்கும். சாவியை வாங்குவதற்கு முன் அந்த மூன்று இடத்துக்கும் வேறு வழி செய்துவிடுங்கள். தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரிடம் மாதக் கணக்கு வைத்து, அவர் கூப்பிட்டால் வர ஏற்பாடு செய்யலாம். பணம் அப்பா கையாலேயே கொடுக்கட்டும்.

பேச்சை நீங்கள் எடுப்பதைவிடக் கண் டாக்டர் எடுப்பது நல்லது. முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மகன் சொன்னால் அதிகாரம், டாக்டர் சொன்னால் சிகிச்சை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ‘வண்டியை நிறுத்துங்கள்’ என்று சீட்டில் எழுதித் தந்தால் இன்னும் சுலபம். அறுவை சிகிச்சைக்கு வர மறுப்பவர்கள், காது மிஷின் வேண்டாம் என்பவர்கள் எல்லோருக்கும் இதே வழிதான்.

நாங்கள் மூன்று பேர். அண்ணன் பாரிஸில், தம்பி சென்னையில். பார்ப்பது நான் ஒருத்தி. பணம் அனுப்புவதோடு அவர்கள் கடமை முடிந்துவிட்டதா?

புதுச்சேரி பக்கம் இந்தக் கதை ஏராளம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த ‘சொல்தா’ குடும்பங்களில் பிள்ளைகள் பிரான்சிலும் பெற்றோர் இங்கேயுமாக இருப்பது நெடுநாள் வழக்கம். தூரத்தில் இருப்பவர் நான்கு நாள் விடுமுறையில் வந்து, “அம்மா ஏன் இவ்வளவு இளைத்துவிட்டார்? டாக்டரை மாற்று” என்று கேட்டுவிட்டு விமானம் ஏறுவார். அதைக் கேட்டுக் கடையில் நின்று அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, வேலையைப் பிரித்துக் கொடுங்கள். ‘உதவி செய்’ என்றால் யாரும் செய்யமாட்டார்கள். ‘மாதா மாதம் மாத்திரைச் செலவு உன் பொறுப்பு, பிரெஞ்சு பென்ஷனுக்கு வருடந்தோறும் கேட்கும் உயிர்வாழ்வுச் சான்று வேலை உன் பொறுப்பு, தினமும் சாயங்காலம் அம்மாவிடம் அரை மணி நேரம் வீடியோவில் பேசுவது உன் பொறுப்பு’ என்று பெயர் போட்டுச் சொல்லுங்கள். அந்த அரை மணி நேரம் நீங்கள் வாசலில் போய் உட்காரலாம். சென்னைத் தம்பி மாதம் ஒரு சனி, ஞாயிறு வந்து தங்க வேண்டும், விருந்தாளியாக அல்ல. டயப்பர் மாற்றுவதும் சேர்த்து. செலவு நோட்டு ஒன்றை எழுதி எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். பிற்காலத்தில் சொத்துப் பேச்சு வரும்போது அந்த நோட்டு உங்களுக்காகப் பேசும்.

கல்யாணமாகிப் போன பெண்ணுக்கும் சட்டப்படி கடமை உண்டா? மருமகளுக்கு?

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் ‘பிள்ளைகள்’ என்பதில் மகன், மகள், பேரன், பேத்தி அடங்குவர். மகளுக்குத் திருமணம் ஆனதா இல்லையா என்று சட்டம் பார்ப்பதில்லை. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டில் கஞ்சி காய்ச்சுவதும் துணி அலசுவதும் யார் என்று பார்த்தால், பட்டியலில் இல்லாதவர்தான். மகன்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பராமரிப்புத் தொகை கேட்டு வருவாய்க் கோட்டாட்சியரிடம் பெற்றோர் மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட முடியும். முதியவர்களைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. மனு கொடுக்கும் முன் ஆலோசனை வேண்டுமென்றால் முதியோர் உதவி எண் 14567.

வீட்டை இப்போதே எங்கள் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதச் சொல்லலாமா, உயில் போதுமா?

கேட்பவர் பெரும்பாலும் பிள்ளை. பதிலை நான் பெற்றோருக்குச் சொல்கிறேன். செட்டில்மென்ட் பதிவானதும் வீடு கைமாறிவிடும். உயில் நீங்கள் இருக்கும்வரை செல்லுபடிக்கு வராது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, பதிவு செய்தால் பின்னால் சண்டை குறையும். சொத்து பெறுபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள்.

செட்டில்மென்ட்தான் எழுத வேண்டும் என்றால், ‘கடைசிவரை என்னைப் பராமரிக்க வேண்டும், இந்த வீட்டில் வாழும் உரிமை எனக்கு உண்டு’ என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். அந்த நிபந்தனையை மீறினால் 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வாய்மொழியாகப் பேசிக்கொண்டது வழக்கில் நிற்பது கடினம். எழுத்தில் கேட்டதற்காக மகன் கோபித்துக்கொண்டால், அந்தக் கோபத்தைப் பதிவுக்கு முன்பே பார்த்துவிட்டது நல்லதுதான்.

அப்பாவிடம் பவர் பத்திரம் வாங்கிவைத்திருக்கிறோம். அவருக்கு நினைவு தவறிப்போனாலும் அதை வைத்து எல்லாம் செய்யலாம் அல்லவா?

முடியாது. பலர் நம்பி ஏமாறும் இடம் இது. பவர் கொடுத்தவர் மனநிலை தெளிவை இழந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அந்தப் பவர் முடிந்துவிடுகிறது. எந்த நேரத்துக்காக வாங்கினோமோ அந்த நேரத்தில் அது பயன்படாது. கோமாவிலோ முற்றிய டிமென்ஷியாவிலோ இருப்பவருக்குப் பாதுகாவலரை நியமிக்க உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும்.

ஆகவே தெளிவாக இருக்கும்போதே வங்கிக் கணக்கை, இருவரில் எவரும் தனியாக இயக்கலாம் என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். எல்லாவற்றிலும் நாமினி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மனம் தெளிவாக இருந்து கையெழுத்து மட்டும் நடுங்குகிறது என்றால் கைரேகை வைக்கலாம். படுக்கையில் இருப்பவரிடம் வங்கி அதிகாரி நேரில் வந்து வாங்கும் நடைமுறை உண்டு. 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து வங்கிச் சேவை தரச் சொல்லி ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் கொடுக்கும் உயிர்வாழ்வுச் சான்றைத் தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வார், கட்டணம் 70 ரூபாய். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். நடக்க முடியாதவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கூட்டிப்போகாதீர்கள்.

ஏர் பெட் வாங்கிவிட்டோம். இனி படுக்கைப் புண் வராது அல்லவா?

வரும். ஏர் பெட் உதவிக்குத்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதற்கு அது ஈடாகாது. இடது பக்கம், நேராக, வலது பக்கம் என்று ஒரு தாளில் நேரம் எழுதி ஒட்டிவிடுங்கள். வால் எலும்பு, குதிகால், இடுப்பின் இரு பக்கம், பின்னந்தலை ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் நிறம் தெரியாது. சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். ஸ்பிரிட், பவுடர் எதுவும் வேண்டாம். குதிகால் படுக்கையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் சேர வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் டாக்டரிடம் அளவு கேளுங்கள்.

மூக்கு வழி ட்யூபில் சாப்பாடு கொடுக்கிறோம். மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா?

எல்லாவற்றையும் அல்ல. பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்எல், இஆர் என்று இருந்தால் அது மெல்ல மெல்லக் கரைய வேண்டிய மாத்திரை. பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும். அட்டையைக் கொண்டுவாருங்கள், கடையிலேயே பார்த்துச் சொல்வோம். உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும்.

முதியோர் இல்லத்தில் சேர்த்தால் ஊர் என்ன சொல்லும்?

நிச்சயம் ஏதாவது சொல்லும். சொல்பவர்களில் ஒருவரை ஒரு இரவு வந்து உங்கள் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் பகல் முழுவதும் பூட்டிய கதவுக்குள் தனியாக இருப்பதைவிட, நல்ல இல்லம் மேல் என்பது என் கருத்து. எனக்குத் தெரிந்த சிலர் இதில் என்னோடு கடுமையாக முரண்படுகிறார்கள்.

சேர்க்கும் முன் இல்லம் பதிவு பெற்றதா என்று மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். சொல்லாமல் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர் என்று கேளுங்கள். அதற்கும் முன்னால் அப்பாவிடம் கேளுங்கள். ‘ஊருக்குப் போகலாம்’ என்று பொய் சொல்லிக் கொண்டுபோய் விடுவதைப் போல மன்னிக்க முடியாதது வேறில்லை.

புயல், வெள்ளம் வந்தால் படுக்கையில் இருப்பவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடலூரில் இது கற்பனைக் கேள்வி அல்ல. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்த பிறகு பல கிராமங்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மழை ஓய்ந்துவிட்டது என்று நினைத்த பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கரையோரப் பகுதிகள் மூழ்கின.

அக்டோபர் பிறந்ததும் பதினைந்து நாள் மாத்திரையைக் கூடுதலாக வாங்கிவையுங்கள். ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர்கள் மின்சாரம் தேவைப்படாத சிலிண்டர் ஒன்றை ஏற்பாடு செய்ய வேண்டும். எச்சரிக்கை வந்தவுடன், தண்ணீர் வருவதற்கு முன்பே, மேடான பகுதியில் உள்ள உறவினர் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். மின்சாரம் போனால் ஏர் பெட் இறங்கிவிடும். அன்று முழுக்கப் புரட்டும் வேலை உங்களுடையது. இன்சுலினுக்குப் பயப்பட வேண்டாம். திறந்து பயன்படுத்தும் பாட்டில் பெரும்பாலான வகைகளில் நான்கு வாரம் வரை குளிர்பதனப் பெட்டி இல்லாமலும் தாங்கும், 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பெரிய மண்பானையில் ஈரமணல் போட்டு, அதற்குள் சிறிய பானை வைத்து, பாட்டிலைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி உள்ளே வையுங்கள்.

அப்பாவுக்குப் புற்றுநோய். சொன்னால் தாங்கமாட்டார். வயிற்றுப் புண் என்றே சொல்லிவைத்திருக்கிறோம். சரிதானா?

ஜிப்மரில் அவரை எந்தக் கட்டடத்துக்குக் கூட்டிப்போகிறீர்கள்? மண்டலப் புற்றுநோய் மையம் என்ற பலகை வாசலில் இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் தனக்கு எத்தனையாவது கீமோ என்று சொல்லிக்கொண்டிருப்பார். தினத்தந்தியை வரி விடாமல் படிக்கும் மனிதருக்கு இது தெரியாது என்று நம்புகிறீர்கள். அவரும், பிள்ளைகள் வருத்தப்படுவார்கள் என்று, தெரியாததுபோல் நடிக்கிறார். கடைசியில் யாரிடம் எவ்வளவு கடன் பாக்கி, எந்தப் பேத்தியை என்ன படிக்கவைக்க வேண்டும் என்று சொல்ல நினைத்ததெல்லாம் சொல்லாமலே போய்விடுகிறது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டச் சொல்லவில்லை. “அப்பா, உங்கள் உடம்பைப் பற்றி டாக்டர் சொல்வதை நேரடியாக நீங்களே கேட்க விரும்புகிறீர்களா, எங்களிடம் சொன்னால் போதுமா?” என்று முதலில் கேளுங்கள். “நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்றால் அதுவும் அவர் முடிவு, மதியுங்கள். “எனக்கு என்னதான்?” என்று கேட்டுவிட்டால் பொய் சொல்லாதீர்கள். “கட்டி இருக்கிறது, அதற்கு மருந்து கொடுக்கிறார்கள், வலி இல்லாமல் பார்த்துக்கொள்வோம்” என்ற மூன்று வாக்கியம் முதல் நாளுக்குப் போதும். மற்றதை அவர் கேட்கக் கேட்கச் சொல்லலாம். எத்தனை நாள் என்று கேட்டால், தேதி சொல்லும் டாக்டரை நான் இதுவரை பார்த்ததில்லை என்று உண்மையையே சொல்லுங்கள்.

வலிக்கு மார்ஃபின் எழுதியிருக்கிறார்கள். கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவாரா? அடிமையாகிவிடுவாரா?

டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் இரண்டும் இல்லை. புற்றுநோய் வலியில் இருப்பவருக்கு மார்ஃபின் தூக்கத்தையும் சாப்பாட்டையும் திருப்பித் தரும். வலி வந்த பிறகு கொடுக்காமல் மணிப்படி கொடுங்கள். மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். எல்லாக் கடையிலும் கிடைக்காது, சட்டக் கட்டுப்பாடு உண்டு. எழுதித் தந்த மருத்துவமனையிலேயே வாங்கிக்கொள்வது நல்லது.

‘என்னை ஐசியுவில் போட்டு மிஷின் மாட்டாதீர்கள்’ என்று அம்மா சொல்கிறார். அதை எழுதிவைக்க முடியுமா? அது கருணைக்கொலை ஆகாதா?

எழுதிவைக்கலாம், கருணைக்கொலை ஆகாது. பயனற்ற நிலையில் செயற்கை உயிர்காப்பு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கியது. 18 வயது நிறைந்த, தெளிந்த மனமுள்ள எவரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்து. தன்னால் பேச முடியாதபோது யார் முடிவு சொல்ல வேண்டும் என்று பெயரும் எழுத வேண்டும். மருத்துவமனையில் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்த பிறகே அது நடைமுறைக்கு வரும். பயப்படும்படி யாரும் தனியாக முடிவெடுத்துவிட முடியாது.

நகலைக் குடும்ப டாக்டரிடம் கொடுங்கள், முதல் கேள்வியில் சொன்ன தாளில் குறிப்பிடுங்கள். பாரிஸ் அண்ணனுக்கும் இப்போதே அனுப்புங்கள். ஐசியு வாசலில் நடக்கும் சண்டைகளில் பாதி, அம்மா என்ன விரும்பினார் என்று அவரவர் ஒன்று சொல்வதால் வருவது.

வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சாப்பிடவே மாட்டேன் என்கிறார். பட்டினி போடுவதாகத் தோன்றுகிறது.

கடைசி நாட்களில் உடம்பு உணவை விட்டுவிடுகிறது. சாப்பிடாததால் இறப்பது அல்ல, இறக்கும் கட்டத்தில் இருப்பதால் பசி இல்லை. வாயைத் திறந்து ஊட்டினால் நுரையீரலுக்குப் போகும். ஈரத்துணியால் உதட்டை நனையுங்கள், வாயைச் சுத்தமாக வையுங்கள். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரலாம். கேட்க நமக்குத்தான் கஷ்டம். ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். யாரை அழைக்கலாம் என்று வலி நிவாரணப் பிரிவில் எண் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இறந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். கடலூர் நகருக்குள் மாநகராட்சி, கிராமத்தில் விஏஓ. கடைசியாகப் பார்த்த டாக்டரிடம் இறப்புக் காரணச் சான்று வாங்கிவிடுங்கள்.

அண்ணா, சில நாள் ‘போய்விட்டால் தேவலை’ என்று தோன்றுகிறது. நான் பாவியா?

நீங்கள் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். இந்த எண்ணம் வராத ஆள் இந்த வேலையில் இல்லை. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். அவர் கஷ்டம் தீர வேண்டும் என்பதும் உங்கள் கஷ்டம் தீர வேண்டும் என்பதும் கலந்துதான் வரும், பிரித்துப் பார்க்க முயல வேண்டாம். வாரத்தில் ஒரு இரவாவது வேறொருவர் பார்த்துக்கொள்ள, நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்தித் தூங்க வேண்டும். அண்ணன், தம்பிகளிடம் வேலை பிரிப்பது பற்றி மேலே சொன்னதில் இதைத்தான் முதலில் எழுதிக் கேட்க வேண்டும்.

அவரை அடித்துவிடுவேனோ, எனக்கே ஏதாவது செய்துகொள்வேனோ என்று தோன்றினால் அன்றைக்கே 14416-க்குப் பேசுங்கள். மனநல உதவிக்கான இலவச அரசு எண், தமிழில் பேசலாம்.

எல்லாம் முடிந்துவிட்டது. மீதி மாத்திரை, டயப்பர், ஏர் பெட் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கடையில் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா?

பில்லும், வெட்டாத அட்டையும் இருந்தால் பெரும்பாலான கடைகளில் எடுத்துக்கொள்வோம். இன்சுலின் போன்ற குளிரில் வைக்கும் மருந்துகளை எடுக்க முடியாது. வெளியே எப்படி இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. மார்ஃபின் மீதி இருந்தால் வாங்கிய மருத்துவமனையிலேயே ஒப்படையுங்கள், வீட்டில் வைக்காதீர்கள். பிரிக்காத டயப்பரும் ஏர் பெட்டும் சக்கர நாற்காலியும் கேட்டு வாரம் ஒருவராவது என் கடைக்கு வருகிறார்கள். கொண்டுவந்து வையுங்கள், தேவைப்படுபவரிடம் சேர்த்துவிடுகிறேன். ஏர் பெட்டோடு மோட்டாரையும் அதன் குழாயையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். குழாயை மறந்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.